எலி, புறா, பெரியப்பா!

ஒரு எலி. ஒரு புறா. தராசில் ஏற்றினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை. ஒரு நாளைக்குச் செலவழிக்கும் சக்தியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால், எலிக்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் 5 வருஷம்தான் ஆயுள். புறாவோ 35 வருஷம் வரைகூட இருக்கிறது!

நான் பி.காம். எனக்கு இதைப் பார்த்தால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கடைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒரே முதல், ஒரே வியாபாரம், ஒரே கரண்ட் பில். ஒன்று ஐந்தாவது வருஷம் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. இன்னொன்று வெள்ளி விழா தாண்டியும் ஜோராக நடக்கிறது. ஆடிட்டர் என்ன செய்வார்? வெற்றிலைபாக்கை ஓரமாக வைத்துவிட்டு, 'பேரேட்டை எடுங்க சார்' என்பார்.

உயிருள்ள கடைகளுக்கு அந்தப் பேரேடு இருக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. பள்ளிக்கூடத்தில் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று மனப்பாடம் பண்ணி, இரண்டு மார்க் வாங்கிக்கொண்டு, அப்புறம் சுத்தமாக மறந்துபோனோமே... அதே ஆசாமிதான். நாம் கிழவனாவதற்கும் கிழவியாவதற்கும் இந்த ஆசாமிதான் காரணம் என்று ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு குற்றப்பத்திரிகை நிலுவையில் இருக்கிறது. கேஸ் நடந்த விதம் சுவாரஸ்யமானது. தீர்ப்போ எதிர்பார்த்த மாதிரி இல்லை.

முதலில் குற்றவாளிக் கூண்டில் இருப்பவரின் பூர்வீகம். அவர் நம்மவரே இல்லை! 150 கோடி வருஷத்துக்கு முன்னால் (200 கோடி என்பாரும் உண்டு) தனிக்கட்டையாகத் திரிந்துகொண்டிருந்த ஒரு பாக்டீரியா, வேறொரு செல்லுக்குள் போனது. விழுங்கப்பட்டதா, விருந்தாளியாக வந்ததா என்பதில் இன்னும் பஞ்சாயத்து ஓயவில்லை. எப்படியோ, வந்தது திரும்பிப் போகவில்லை. 'வாடகைக்குப் பதிலாக கரண்ட் தருகிறேன்' என்று அங்கேயே குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிட்டது. லின் மார்குலிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை எழுதியபோது, பதினைந்து பத்திரிகைகள் வரை கட்டுரையைத் திருப்பி அனுப்பினவாம். கடைசியில் 1967-ல் பிரசுரமானது. சுயவிலாசமிட்ட கவர்கள் வீடு திரும்புகிற சத்தம் கேட்டே வளர்ந்த ஃப்ரீலான்ஸ் ஜாதி என்ற முறையில், அந்த அம்மாளுக்கு ஒரு தனி கும்பிடு.

குடிவந்தவர் கையோடு கொண்டுவந்த சொத்துப் பத்திரங்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் வீட்டுக்காரரின் பீரோவுக்கு, அதாவது செல்லின் நியூக்ளியஸுக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பது 37 மரபணுக்கள் மட்டும். 16,569 எழுத்துக்களில் அடங்கிவிடுகிற குட்டி டி.என்.ஏ. இதை முழுக்கப் படித்து 1981-லேயே கேம்பிரிட்ஜில் அச்சேற்றிவிட்டார்கள். இந்த 37-ம் நமக்கு அம்மா வழிச் சீதனம். அப்பாவின் விந்தணுவோடு வருகிற மைட்டோகாண்ட்ரியாவை முட்டைக்குள் ஒழித்துக் கட்டிவிடுகிறார்கள். பட்டா, சிட்டா எல்லாம் அம்மா பேரில்தான்.

வேலை? நீங்கள் சாப்பிட்ட இட்லியும் இழுத்த மூச்சும் கடைசியில் சந்தித்துக்கொள்வது இங்கேதான். அதில் கிடைக்கும் சக்தியை வைத்து ஏ.டி.பி. என்ற மூலக்கூறை சார்ஜ் செய்து அனுப்புகிறது. நினைக்க, நடக்க, கண்சிமிட்ட, மனைவியிடம் சமாளிக்க, எல்லாவற்றுக்கும் ஏ.டி.பி. வேண்டும். ஆனால், உடம்பில் எந்த நேரத்தில் எடுத்து நிறுத்தாலும் இருப்பு சுமார் 50 கிராம்தான். ஒரு நாளில் நாம் செலவு செய்வதோ ஏறக்குறைய நம்முடைய உடல் எடை அளவு! அதே 50 கிராமைத் திரும்பத் திரும்ப, நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் செய்கிறது. கையில் ஐம்பது ரூபாயை வைத்துக்கொண்டு தினம் ஐம்பதாயிரத்துக்கு வியாபாரம்! நடைமுறை மூலதனச் சுழற்சி என்று கல்லூரியில் ஒரு பாடம் உண்டு. எங்கள் புரொஃபசர் இதைக் கேட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.

இதெல்லாம் நடக்கிற சவ்வின் இரண்டு பக்கத்துக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் 150 மில்லிவோல்ட். டார்ச் லைட் பாட்டரியில் பத்தில் ஒரு பங்கு. பூ, இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். சவ்வின் கனம் ஒரு மீட்டரில் இருபது கோடியில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். இடி மின்னல் சமாசாரம்!

இப்படிப்பட்ட இடத்தில் கசிவு இல்லாமல் இருக்குமா? எலெக்ட்ரான்கள் கை மாறிக் கை மாறிக் கடைசியில் ஆக்ஸிஜனிடம் ஒழுங்காக ஒப்படைக்கப்பட வேண்டும். நடுவழியில் சில நழுவி, ஆக்ஸிஜனோடு அரைகுறையாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பிறக்கிற ரவுடிகளின் வம்சத்துக்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். பக்கத்தில் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எது கிடைத்தாலும் கடித்து வைக்கும்.

'முதுமைக்குக் காரணமே இந்த ரவுடிகள்தான்' என்று முதலில் சொன்னவர் டென்ஹாம் ஹார்மன். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கெமிஸ்ட். 1945-ல் அவர் மனைவி ஹெலன் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த 'நாளை நீங்கள் இளமையாகலாம்' என்கிற ரீதியிலான கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினார். சாதாரணக் கணவனாக இருந்தால் 'ம்... ம்...' என்று சொல்லிவிட்டுப் பேப்பரில் முகத்தைப் புதைத்திருப்பான். இவர் மூளையில் அது ஒட்டிக்கொண்டது. முப்பது வயதுக்கு மேல், வேலையை விட்டுவிட்டு ஸ்டான்ஃபோர்டில் டாக்டருக்குப் படிக்கப் போனார்! (வாரப் பத்திரிகைக் கட்டுரைகளை இளப்பமாகப் பேசுபவர்கள் கவனிக்க.) 1956-ல் கொள்கையை வெளியிட்டார். 1972-ல், நம் ஆயுளை நிர்ணயிக்கிற கடிகாரமே மைட்டோகாண்ட்ரியாதானோ என்று கேட்டு இன்னொரு கட்டுரை எழுதினார்.

எவ்வளவு அழகான தியரி! அடுப்பு எரிகிறது, புகை வருகிறது, புகை அடுப்பையே கெடுக்கிறது, கெட்ட அடுப்பு இன்னும் அதிகம் புகைகிறது, ஒரு நாள் அணைகிறது. புறா விஷயத்திலும் சரியாகப் பொருந்தியது. ஸ்பெயினில் குஸ்தாவோ பர்ஹா என்பவர் 1990-களில் அளந்து பார்த்து, எலியைவிடப் புறாவின் மைட்டோகாண்ட்ரியாவில் கசிவு குறைச்சல் என்றார். அப்புறம் என்ன? புகையை உறிஞ்சுகிற பொருளை விழுங்கினால் போச்சு. கிழத்தனமாவது, ஒண்ணாவது!

இந்த இடத்தில்தான் என் பெரியப்பா உள்ளே நுழைகிறார்.

வயது 68. ரிடையராகிப் பத்து வருஷம். போன வருஷம் ஒரு நாள் போயிருந்தபோது அவருடைய மேஜையில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில், தங்க நிற மூடி போட்ட டப்பா ஒன்று.

"என்ன பெரியப்பா இது?"

"ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட்டுடா. நமக்குள்ள துரு ஏறுதாம். இது சுரண்டி எடுத்துடுமாம். பார்க்ல கூட நடக்கிறவர் சொன்னார்."

"என்ன விலை?"

பெரியப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். பென்ஷனில் பத்தில் ஒரு பங்கு. "உன் பெரியம்மா காதுல போட்டுடாதே. நீதான் பத்திரிகைல எழுதறியே, இது நிஜமா வேலை செய்யுமான்னு விசாரிச்சுச் சொல்லேன்."

பத்தில் ஒரு பங்கு என்றால் விளையாட்டில்லை. மூட்டு வலிக்கு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு இதை வாங்கிக்கொண்டிருந்தார். விசாரித்தேன்.

முதல் அடி, ஃபின்லாந்திலிருந்து. சிகரெட் பிடிக்கிற ஆண்கள் 29,133 பேரைத் திரட்டி, ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டின், ஒரு பகுதியினருக்கு வைட்டமின் ஈ, ஒரு பகுதியினருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை என்று வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் *அதிகம்*! காப்பாற்ற வந்தவனே கன்னம் வைத்த கதை. அதற்கப்புறம் 2012-ல், இப்படிப்பட்ட 78 ஆய்வுகளை, ஏறக்குறைய 3 லட்சம் பேரின் கணக்கை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரைகளால் ஆயுள் கூடியதாக எந்த அடையாளமும் இல்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் சாவைக் கொஞ்சம் கூட்டுவதாகவே தெரிந்தது.

சரி, மனிதர்கள் சிக்கலான பிறவிகள். சிகரெட், சீட்டாட்டம், மாமியார் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு புழு இருக்கிறது. அதற்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெரெமி வான் ராம்ஸ்டாங்க், சீக்ஃப்ரீட் ஹெகிமி என்ற இருவர், இந்தப் புழுவின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஃப்ரீ ராடிக்கலை மடக்குகிற ஒரு என்சைமையே நீக்கிவிட்டார்கள். தியரிப்படி புழு சீக்கிரம் செத்திருக்க வேண்டும். 2009-ல் அவர்கள் எழுதினார்கள்: புழு *அதிக நாள்* வாழ்கிறது! விடுவார்களா? 2012-ல் அந்த வகை என்சைம்கள் ஐந்தையும் பிடுங்கினார்கள். புழு வழக்கமான ஆயுளை நிம்மதியாக வாழ்ந்து முடித்தது. இடையில் 2010-ல் இன்னொரு கூத்து. பாரகுவாட் என்ற களைக்கொல்லி, ஃப்ரீ ராடிக்கலை எக்கச்சக்கமாகக் கிளப்பக்கூடியது. அதை மிக மிகச் சின்ன அளவில் கொடுத்ததில் புழுவின் ஆயுள் நீண்டது. (ஐயா, இது புழு! மனிதனுக்கு அது கொடிய விஷம். வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள்.)

நம் புறா? 2011-ல் ஆஸ்திரேலியாவில் அதே எலியையும் புறாவையும் மறுபடி அளந்தார்கள். இந்த முறை இதயம் மட்டுமல்ல; தசை, கல்லீரல் எல்லாவற்றிலும். கசிவில் வித்தியாசம் இல்லை! ஒரே ஒரு விஷயம்தான் எல்லா இடத்திலும் ஒழுங்காக வேறுபட்டது. சவ்வில் இருக்கும் கொழுப்பின் வகை. எலியின் சவ்வு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் ரகம், புறாவுடையது அப்படியில்லை. புகை இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஒன்று ஓலைக் கூரை, இன்னொன்று ஓட்டு வீடு.

இப்போது விஞ்ஞானிகள் பலர் சொல்வது இதுதான்: கொஞ்சம் புகை என்பது வெறும் அழுக்கு இல்லை, அது ஒரு தகவல். அதை மோப்பம் பிடித்துத்தான் செல் உஷாராகிறது. தன் தற்காப்பு வேலைகளை முடுக்கிவிடுகிறது. தபால்காரரை வாசலிலேயே நாயை விட்டுத் துரத்தினால் கடிதம் எப்படி வரும்?

அப்படியானால் மைட்டோகாண்ட்ரியா நிரபராதியா? அதுவும் இல்லை. 2004-ல் ஸ்டாக்ஹோமில் நில்ஸ்-கோரன் லார்சன் குழுவினர் ஒரு குரூரமான, ஆனால் கெட்டிக்காரத்தனமான காரியம் செய்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் அந்தக் குட்டி டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் என்சைம், எழுத்துப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும். சுண்டெலிகளில் அந்தத் திருத்துகிற திறமையை மட்டும் எடுத்துவிட்டார்கள். பத்திரிகை ஆபீசில் புரூஃப் ரீடரை மட்டும் வேலையை விட்டுத் தூக்கின மாதிரி. பிழைகள் குவிந்தன. ஆறு மாதத்தில் சுண்டெலிக்கு நரை, முடி கொட்டுதல், முதுகில் கூன், எலும்புத் தேய்வு, ரத்தசோகை, வீங்கிய இதயம். இரண்டு வருஷத்துக்கு மேல் வாழ வேண்டியவை 61 வாரத்துக்குள் எல்லாமே செத்துப்போயின. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் ஃப்ரீ ராடிக்கல் சேதம் ஒன்றும் பெரிதாகக் கூடியிருக்கவில்லை! கெடுத்தது புகை அல்ல, அடுப்பே பழுது.

நியாயமாகச் சொன்னால் அந்தச் சுண்டெலிகளில் இருந்த பிழைகளின் அளவு, சாதாரணக் கிழவர் யாருக்கும் வராத அளவு. ஆனாலும் நமக்கும் வயதாக ஆக, தசையிலும் இதயத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில் பழுதான மைட்டோகாண்ட்ரியாவே பெருகி, நல்லவற்றை ஓரம்கட்டிவிடுகின்றன. மாடிப்படி ஏறும்போது 'அப்பாடா' என்று பாதியில் நிற்கிறோமே, அதில் இவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஏன் பெருக விடுகிறோம்? இளவயதில் செல்லுக்குள் கண்டிப்பான ஒரு சூபர்வைஸர் இருக்கிறார். எந்த மைட்டோகாண்ட்ரியாவில் வோல்டேஜ் இறங்குகிறதோ, அதன் முதுகில் சிவப்புச் சீட்டு ஒட்டப்படும். சீட்டைப் பார்த்து பார்கின் என்ற புரதம் வரும், செல்லின் பழைய இரும்புக் கடைக்கு ஆள் அனுப்பும். உடைத்து, உருக்கி, உதிரி பாகங்களை மறுபடி உபயோகிப்பார்கள். இப்படி செல் தன்னைத்தானே தின்று சுத்தம் செய்யும் வித்தையின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. பார்கின் மரபணு பழுதாகிப் பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே பார்கின்சன் நோய் வருகிறது. பெயர்ப் பொருத்தமே அதனால்தான். நமக்கெல்லாம் பார்கின் ஒழுங்காக இருந்தாலும் வயதாக ஆக இந்த டிபார்ட்மென்ட் மந்தமாகிவிடுகிறது. கண்டம் செய்யவேண்டியவை கண்டம் செய்யப்படுவதில்லை. ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்கள்... கால் உடைந்த நாற்காலி மேல் கால் உடைந்த நாற்காலி.

அதோடு இன்னொரு வில்லங்கம். உடைந்துபோன மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து அந்தக் குட்டி டி.என்.ஏ. வெளியே சிந்தும். அதன் பூர்வீகம் என்ன? பாக்டீரியா! செல்லின் காவல்காரர் அதைப் பார்த்ததும், 'ஐயையோ, கிருமி புகுந்துவிட்டது' என்று அபாயச் சங்கை ஊதிவிடுகிறார். கிருமியே இல்லாமல் உடம்பு முழுக்க மெல்லிய வீக்கம், ஓயாத எரிச்சல். வயதானவர்களின் பல நோய்களுக்குப் பின்னால் இந்த வெற்றுச் சங்கின் சத்தம் இருக்கிறது. 150 கோடி வருஷம் கூடவே குடித்தனம் பண்ணியும் அசலூர்க்காரன் என்ற சந்தேகம் போகவில்லை பாருங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து வருகிறது. அம்மாவுக்கு அப்போது முப்பது வயது என்றால், குழந்தை முப்பது வருஷப் பழசான அடுப்போடுதானே பிறக்க வேண்டும்? அதுவும் முட்டை செல்கள் உருவாவது, அம்மா பாட்டியின் வயிற்றில் இருக்கும்போதே. அத்தனை வருஷம் கெடாமல் எப்படி? 2022-ல் பார்சிலோனாவில் எல்வான் பொக்கே என்பவரின் குழு இதற்கு ஒரு விடை கண்டது. காத்திருக்கும் முட்டை செல், தன் மைட்டோகாண்ட்ரியாவில் கசிவுக்குப் பேர்போன முதல் இயந்திரத்தைப் பூட்டாமலே வைத்திருக்கிறது. அடுப்பைப் பெரிதாக மூட்டாமல், குறைந்தபட்சச் சக்தியில், வருஷக்கணக்காக ஒரு தவம். பாட்டி வயிற்றில் ஆரம்பித்து நாம் வருகிறவரைக்கும் அணையடுப்பாக!

முட்டை செல்லுக்குச் சரி. இதயமும் தொடையும் அப்படி உட்கார முடியாதே. அவற்றுக்கு நேர் எதிர் வழிதான் பலிக்கிறது. 1967-லேயே ஜான் ஹாலோசி என்ற அமெரிக்கர், எலிகளை தினமும் ஓடவிட்டால் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் வேலைத்திறன் இரண்டு மடங்காகிறது என்று காட்டினார். 2011-ல் கனடாவில் மார்க் டார்னோபோல்ஸ்கி குழுவினர், மேலே சொன்ன புரூஃப் ரீடர் இல்லாத சுண்டெலிகளையே ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். வாரத்துக்கு மூன்று நாள், 45 நிமிஷம், ஐந்து மாதம். ஓடாதவை நரைத்துக் கூன் விழுந்து கிடந்தன. ஓடியவை பளபளவென்று கறுப்பு முடியோடு இருந்தன! நான் அந்த போட்டோவைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வயது என்றால் நம்பமுடியாது.

சுண்டெலி கிடக்கட்டும், மனிதன்? அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் குழு, 2017-ல் வெளியிட்ட முடிவு: வேகமாகக் கொஞ்ச நேரம், மெதுவாகக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்ததில், இளைஞர்களின் தசை மைட்டோகாண்ட்ரியாவின் திறன் 49 சதவிகிதம் கூடியது. 65 முதல் 80 வயதுக்காரர்களுக்கு? 69 சதவிகிதம்!

பெரியப்பாவிடம் இதைச் சொல்லும்போது கூடவே ஜெர்மன் சமாசாரத்தையும் சொன்னேன். 2009-ல் மைக்கேல் ரிஸ்டோ என்பவர் 40 இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, அவர்களில் பாதிப் பேருக்கு தினமும் வைட்டமின் சி ஆயிரம் மில்லிகிராமும் வைட்டமின் ஈயும் கொடுத்தார். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது என்ற நன்மை, மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. மாத்திரை புகையை மட்டும் உறிஞ்சவில்லை. புகை கொண்டுவந்த தகவலையும் சேர்த்து உறிஞ்சிவிட்டது.

பெரியப்பா ரொம்ப நேரம் டப்பாவையே பார்த்தார். "அப்ப நான் காலைல பார்க்ல நடந்துட்டு வந்து, உடனே இதை முழுங்கறது..."

"நடந்ததுல பாதியைத் திருப்பிக் கொடுத்திட்டு வர்ற மாதிரி இருக்கலாம் பெரியப்பா."

"நெல்லிக்காய்?"

"தாராளமா சாப்பிடுங்க. கொய்யா, கீரை எதுக்கும் தடையில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமினையும் நிறுத்தவேண்டாம். இந்தத் தங்க மூடியைத்தான் சொல்றேன். அப்புறம், சைக்கிளை வேகமா மிதிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இதயத்தையும் மூட்டையும் காட்டிட்டு வாங்க."

மறுவாரம் மூட்டைக் காட்டப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கூட்டம். காத்திருந்தபோது ஹார்மனின் கதையின் பிற்பகுதியைச் சொன்னேன். ஹார்மன் 2014-ல், தன் 98-வது வயதில் காலமானார். வைட்டமின் சி, ஈ சாப்பிட்டு வந்தவர்தான். அதோடு, தினமும் இரண்டு மைல் ஓடுவார். 82-வது வயதில் முதுகில் அடிபட்டதால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நடக்க ஆரம்பித்தார்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்த்தியா... மாத்திரையும்தானே சாப்பிட்டிருக்கார்?"

டப்பாவில் இன்னும் பதினொன்று பாக்கி இருந்தது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே!